இரண்டாம் மாடிப் பூட்டு

கல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில், தீ ஒத்திகை நடக்கிற நாளெல்லாம் இரண்டாம் மாடிக்கு விடுமுறை. எழுதிவைத்த விதி இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் தொடங்கிய வழக்கமும் இல்லை. இரண்டாம் மாடியில் இருப்பது சிறப்புப் பிரிவு. எட்டுப் பிள்ளைகள். சத்தம் ஆகாதவர்கள், பேச்சு வராதவர்கள், சக்கர நாற்காலியில் ஒருவன். இவர்களை எதற்கு அலாரம் அடித்துப் பயமுறுத்த வேண்டும், அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டுமே என்று எப்போதோ ஒரு நல்ல மனிதர் சொல்லியிருக்கிறார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

இந்தத் தடவை காளி பூஜை முடிந்த கையோடு ஒத்திகை என்று செயலாளர் தீபங்கர் பாபு ஆசிரியர் அறையில் அறிவித்தார். "வழக்கம்போல ஸ்பெஷல் செக்‌ஷனுக்கு அன்னிக்கு லீவு."

"அன்னிக்கு நாங்க வருவோம்," என்றாள் அந்தப் பிரிவின் ஆசிரியை ராஜம்.

தீபங்கர் பாபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் ராஜத்தோடு பேசுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வது பல வருடப் பழக்கம். "ராஜம்தி, இந்தத் தடவை வீடியோ எடுக்கறோம். ஸ்கூல் பேஜ்ல போடணும். போன வருஷம் மூணே நிமிஷத்துல மொத்த ஸ்கூலும் கீழ வந்துச்சு, தெரியுமில்ல?"

"மொத்த ஸ்கூலா? என் பசங்க வீட்ல இல்ல இருந்தாங்க?"

"அதைத்தான் சொல்றேன். அவங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"நெருப்பு வர்ற அன்னிக்கும் நீங்க முன்னாடியே லீவு விட்டுடுவீங்களா, தீபங்கர் பாபு?"

யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை டீயில் அமுக்கிக்கொண்டார்கள். தீபங்கர் பாபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ராஜத்துக்கு இது புதிதல்ல. தாத்தா காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து வேரூன்றிய குடும்பம். அப்பா வங்கி அதிகாரி. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். எந்த மொழியிலும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவள் கணவர் பட்டாபிராமனின் கருத்து. இதே பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தாள். அந்த வகுப்பில் ஒரு பையனுக்கு ஒரு நிமிடம்கூட உட்கார முடியாது. முந்தைய ஆசிரியை தினமும் அவனை வராந்தாவில் நிறுத்திவிடுவாராம். ராஜம் நாற்காலியையும் கரும்பலகையையும் வராந்தாவுக்குக் கொண்டுபோனாள். வகுப்பு மொத்தமும் அவள் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தது. தலைமையாசிரியை வந்து இதென்ன கூத்து என்று கேட்டபோது, "ஒருத்தன் வராந்தாவுல இருக்கான். அப்ப கிளாஸும் இங்கதான்," என்றாள்.

சிறப்புப் பிரிவு ஒன்று தொடங்கியபோது, தண்டனையாகவே அதை அவளிடம் தள்ளிவிட்டார்கள். அவள் மாலை வகுப்புக்குப் போய் அதற்கான டிப்ளமாவைப் படித்து வாங்கினாள். யாருக்கும் வேண்டாத இரண்டாம் மாடி அறைகள் இரண்டையும் வெள்ளையடிக்கச் செய்தாள். அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சக ஆசிரியைகளுக்கு அவள் ராஜம்தி, அதாவது ராஜம் அக்கா; பிள்ளைகளுக்கு ஆன்ட்டி.

அவள் செய்ததிலேயே ஊர் மெச்சியது காளி பூஜைப் பாடம். தீபாவளியை ஒட்டிவரும் அந்த வாரத்தில் கல்கத்தாவில் வெடிச்சத்தம் எப்போது எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் அலறுவார்கள், சுவரில் தலையை மோதிக்கொள்வார்கள், ஒருத்தி கையையே கடித்துக்கொள்வாள். ராஜம் ஒரு படம் வரைந்து ஒட்டினாள்: மேஜைக்கு அடியில் ஒரு பிள்ளை, காதின்மேல் இரண்டு கை. சத்தம் வந்தால் மேஜைக்கு அடியில் போ, காதைப் பொத்து, சத்தம் நிற்கும்வரை வெளியே வராதே. நின்றதும் வெளியே வந்தால் கையில் இரண்டு நகுல்தானா, கோயில் பிரசாதமாகத் தருகிற அந்தச் சின்னச் சர்க்கரை உருண்டை. மாதக்கணக்கில் பழக்கினாள். பிறகு பட்டாசு வெடித்தபோது இரண்டாம் மாடியில் ஒரு அழுகை இல்லை. பெற்றோர்கள் அதே படத்தை வாங்கிப்போய் வீட்டிலும் ஒட்டினார்கள். தீபங்கர் பாபு ஆண்டு விழா மேடையிலேயே பாராட்டினார்.

ஒத்திகை நாளன்று எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். லீவு என்று பள்ளி அனுப்பிய செய்தியை நம்ப வேண்டாம் என்று ராஜம் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்திருந்தாள்.

காலை பதினோரு மணிக்கு அலாரம் அலறியது. ராஜம் கதவருகே நின்று, "வாங்க, எல்லாரும் வரிசையா வாங்க," என்று கைநீட்டினாள்.

ஒருவரும் வரவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம்கூடக் கண்ணில் படவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் மேஜைகளுக்கு அடியில், முழங்காலை மடக்கி, காதைப் பொத்தி, கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது ஆளான புபாயால் சக்கர நாற்காலியிலிருந்து இறங்க முடியாது. அவன் தலையை மேஜைக்கு அடியில் நுழைத்திருந்தான். அவ்வளவு ஒழுங்கு. படத்தில் இருந்ததுபோலவே.

"ஆன்ட்டி," என்றாள் ஸ்னேகா, அந்த வருடம் சேர்ந்த இளைய ஆசிரியை. பிள்ளைகளைப்போலவே அவளுக்கும் ராஜம் ஆன்ட்டிதான். "இது நாம சொல்லிக்கொடுத்ததுதானே?"

ராஜம் குனிந்து ஒரு பிள்ளையின் தோளைத் தொட்டாள். அது இன்னும் உள்ளே நகர்ந்தது. சத்தம் நிற்கும்வரை வரக்கூடாது என்றால் வரக்கூடாதுதான். ஆன்ட்டியே கூப்பிட்டாலும். அலாரமோ நிற்கிறபாடில்லை. ராஜம் நிமிர்ந்து, யாராவது ஆள் கூட்டிவரலாம் என்று படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். மாடிப்படி முகப்பில் கொலாப்சிபிள் கேட் இழுத்துச் சாத்தியிருந்தது. பூட்டு தொங்கியது. சாவி காவலாளி சிவ்பூஜனின் இடுப்பில். சிவ்பூஜன் கீழே பெரிய வாசலில், பிள்ளைகளை வரிசையாக வெளியே விட்டுக்கொண்டிருந்தான்.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அலாரத்தில் அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

பிறகு விசில். அலாரம் நின்றது. கீழே மைதானத்தில் கைதட்டல். "கம்ப்ளீட்!" என்று தீபங்கர் பாபுவின் குரல் மைக்கில் வந்தது.

வகுப்புக்குள் ஏழு பேரும் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. நேராக ராஜத்திடம் வந்து உள்ளங்கையை நீட்டினார்கள். புபாயும் நாற்காலியிலிருந்தே கையை நீட்டினான். சொன்னபடி செய்தாயிற்று, நகுல்தானா எங்கே?

ராஜம் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கையிலும் இரண்டு இரண்டாக வைத்தாள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கடைசிக் கைக்குக் கொடுத்ததும் டப்பாவை இறுக்கி மூடினாள். ஸ்னேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவ்பூஜனோடு தீபங்கர் பாபு மேலே வந்தார். குரலில் வெற்றி எதுவும் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் ராஜத்துக்குத் தாங்கவில்லை. "பாத்தீங்களா, ராஜம்தி. இதுக்குத்தான் சொன்னேன். இவங்களால முடியாது. அடுத்த தடவைலேருந்து..."

"இவங்களால முடியாதுன்னா சொல்றீங்க? நான் சொன்னதை ஒரு எழுத்து விடாம செஞ்சிருக்காங்க. சொன்னதுதான் தப்பு. அதை நான் மாத்தறேன். இந்தப் பூட்டு யார் சொல்லி மாட்டினது?"

"உங்களுக்கே தெரியும். ஹம்சினி."

தெரியும். இரண்டு வருடம் முன்பு, ஹம்சினி என்கிற ஒன்பது வயதுப் பெண் யாரும் பார்க்காத நேரத்தில் படியிறங்கி, வாசல் தாண்டி, டாக்குரியா நிலையத்துக்கே போய்விட்டாள். அவளுக்கு ரயில் பிடிக்கும். நடைமேடையின் விளிம்பில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தவளை ஒரு காய்கறிக்காரி பிடித்து நிறுத்தினாள். மறுநாள் பூட்டு வந்தது.

தீபங்கர் பாபு இறங்கிப் போனார். சிவ்பூஜன் பூட்டைத் திறந்தவன், திரும்ப மாட்டுவதற்காகச் சாவியோடு சுவரோரம் வைத்திருந்தான். ராஜம் அதைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். சாவியோடு தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"தீதி," என்றான் சிவ்பூஜன், "என் வேலை போயிடும்."

"கேட்டா ராஜம்தி எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லு. உண்மையைச் சொன்னா வேலை போகாது."

சாயங்காலம் காளிகாட் வீட்டில் பட்டாபிராமன் பையைத் தூக்கி உள்ளே வைக்கப் போய், "என்னடி இது, செங்கல்லா?" என்றார். திறந்து பார்த்தார். "பூட்டா? எங்கேருந்து?"

"பள்ளிக்கூடத்துலேருந்து."

"திருடிண்டு வந்தியா?"

"எடுத்துண்டு வந்தேன்."

"அதைத்தான் ஊர்ல திருட்டுன்னு சொல்றா." அவர் பூட்டைச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்கள் பக்கத்தில் வைத்தார். "நாளைக்கு அவா வேற வாங்குவா."

வாங்கினார்கள். ராஜம் அதையும் கொண்டுவந்தாள். மூன்றாவதாக வந்தது பித்தளைப் பூட்டு, இன்னும் பெரியது. அதுவும் பருப்பு டப்பா பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. "இன்னும் ரெண்டு வரட்டும்," என்றார் பட்டாபி, "லேக் மார்க்கெட்ல கடை போட்டுடலாம். நான் கல்லாவுல உக்காந்துக்கறேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தக் குழந்தை மறுபடியும் ஓடிப்போனா என்ன பண்ணுவே?"

ராஜம் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

பதிலைத் தேடிக்கொண்டு அவள் போகுமுன் கேள்வியே நேரில் வந்தது. நான்காம் நாள் காலை, நியூ டவுனிலிருந்து வந்த டாக்சியிலிருந்து ஹம்சினியைக் கையில் பிடித்தபடி அவள் அம்மா அக்‌ஷயா இறங்கினாள். ஐ.டி. கம்பெனி வேலை, ஈரோட்டுப் பெண், கல்கத்தா வந்து நான்கு வருடம். வழக்கமாக டாக்சியிலிருந்தே பெண்ணை இறக்கிவிட்டுக் கையசைத்துப் போகிறவள். அன்றைக்குப் படியேறி இரண்டாம் மாடிக்கே வந்துவிட்டாள்.

"பூட்ட எடுத்தது நீங்களா மேம்?"

"நான்தான்."

"யாரக் கேட்டு எடுத்தீங்க? அந்தப் பூட்டப் போடச் சொல்லி இங்க அழுது கெஞ்சினது நான். அன்னைக்கு ஸ்டேஷன்ல எம்பொண்ணு எங்க நின்னான்னு நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன். ரெண்டு வருசமா நான் முழுசாத் தூங்கினதில்ல."

"அலாரம் அடிச்சப்ப உன் பொண்ணு எங்க இருந்தான்னு நான் பாத்தேன். மேஜைக்கு அடியில. நான் கேட்டைப் பிடிச்சு உலுக்கிண்டு நிக்கறேன், தொறக்க ஆளில்லை. நிஜமா புகை வந்திருந்தா?"

"நிஜமா வரலியே! அவ ஓடிப்போனது நிஜமா நடந்துச்சு!"

தமிழில் நடந்த சண்டை. ஒரு வார்த்தை புரியாமலே மற்ற வகுப்பு ஆசிரியைகள் மாடிப்படியில் கூடிவிட்டார்கள். ஹம்சினி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தன் ஷூவின் வெல்க்ரோவைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

"இங்க பாரும்மா," என்றாள் ராஜம். "நீ பயப்படறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பூட்டு திரும்ப வராது. வந்தா எடுப்பேன். என்னை வேலையை விட்டு அனுப்பட்டும், அப்பவும் வந்து எடுப்பேன்."

"அப்ப நான் எம்பொண்ண அனுப்ப மாட்டேன்."

"அனுப்பு. இல்லேன்னா நீயும் கூட வா."

கோபத்தில் வந்த வார்த்தைதான் அது. ஆனால் அக்‌ஷயா அதைப் பிடித்துக்கொண்டாள். "வரேன். இந்த கேட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். உங்க மேல எனக்கு நம்பிக்கையில்ல மேம். தொறந்து சொல்லிட்டேன்."

"நம்ப வேண்டாம். உக்காரு," என்று சொல்லிவிட்டு ராஜம் வகுப்பிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, கம்பிக்கதவுக்கு வெளியே போட்டாள்.

அக்‌ஷயா மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே அலுவலக வேலையைத் தொடங்கினாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள், கீழே நடைபாதையில் இருந்தவர்களுக்குச் சேதி போய்விட்டது.

நடைபாதையில் இருந்தவர்கள் என்றால், மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள். பாருய்ப்பூரிலிருந்தும் சோனார்ப்பூரிலிருந்தும் ரயிலில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் இருக்காது. அதனால் பள்ளிக்கு எதிரே டீக்கடையை ஒட்டி, நீலத் தார்ப்பாய் நிழலில், செய்தித்தாள் விரித்து மத்தியானம்வரை அங்கேயேதான். காய் நறுக்குவது, ஸ்வெட்டர் பின்னுவது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் அங்கே. அவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. புபாயின் மா, மிஷ்டுவின் மா, அவ்வளவுதான். அக்‌ஷயா வந்து ஒரு வாரத்தில் 'ஹம்சினிர் மா' ஆகிவிட்டாள்.

புபாயின் மா ஒரு நாள் பின்னலூசியும் நூல்கண்டுமாக மேலே ஏறிவந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். "ஹம்சினியின் மா நாற்காலியில உக்காரலாம், நாங்க மட்டும் நாய் பக்கத்துல உக்காரணுமா?" மறுநாள் அவள் பின்னால் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாடிப்படி முகப்பு திருவிழாக் கடைபோல் ஆயிற்று.

தீபங்கர் பாபு பாதிப் படியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். "ராஜம்தி, கார்டியன்கள் வாசலைத் தாண்டக் கூடாது. அது ரூல்."

"பூட்டு வேணுமா, அம்மாக்கள் வேணுமா? பூட்டுன்னா தினம் ஒண்ணு வாங்கணும். அம்மாக்கள் இலவசம்."

"உங்களை வெச்சுக்கிட்டு நான்..." என்று தொடங்கியவர் புபாயின் மாவைப் பார்த்தார். அவள் பின்னலூசியை நிறுத்தாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு மாசம். ஒரே மாசம்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த ஒரு மாதத்தில் ராஜம் தன் பாடத்தையே கலைத்துப் போட்டாள். கலைப்பது கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். முதலில் படத்தைக் கிழித்தாள். ஒன்றும் நடக்கவில்லை; படம் பிள்ளைகளின் தலைக்குள் இருந்தது. கதவருகே நகுல்தானா டப்பாவை வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்தால்தானே நகுல்தானா வாங்க முடியும்? கையை எடுத்தால் சத்தம் குத்துகிறது. கை காதில் இருந்தால் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. இந்த இடத்தில் பத்து நாள் முட்டி நின்றாள்.

டிசம்பர் பிறந்தது. கல்கத்தா அம்மாக்கள் வழக்கம்போல லேசான குளிருக்கே பிள்ளைகளுக்கு மங்கி கேப் மாட்டி அனுப்பினார்கள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, தலையோடு காதையும் மூடுகிற கம்பளிக் குல்லா. ஒரு மத்தியானம் ஹம்சினி குல்லாவைக் கழற்றாமலே இருந்தபோது, பழக்குவதற்காகச் சிவ்பூஜன் அலாரம் அடித்தான். அவள் மேஜையைப் பார்த்தாள், போகவில்லை. நின்ற இடத்தில் நின்று குல்லாவைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அழுத்தாமலும் நின்றாள்.

ராஜம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஸ்னேகா," என்றாள், "எல்லார் குல்லாவையும் எடு."

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. கதவோரம் எட்டு ஆணி, எட்டு ஆணியிலும் எட்டு குல்லா. அலாரம் கேட்டால் குல்லா, குல்லா மாட்டியதும் படிக்கட்டு. வெறும் குல்லா போதாதவர்களுக்குப் புபாயின் மா உள்ளே பஞ்சு வைத்துத் தடிமனாகப் பின்னிக் கொடுத்தாள். பள்ளி விட்டபிறகு, மற்ற வகுப்புகள் போனதும், சிவ்பூஜன் நிஜ அலாரத்தையே அடிப்பான். பாராவின், அதாவது அந்தத் தெருவின், க்ளப் பையன்கள் முதல் வாரம் வாளியோடு ஓடிவந்தார்கள். பிறகு, "இன்னிக்கு எத்தனை பேர் இறங்கினாங்க?" என்று டீக்கடையிலிருந்தே கேட்க ஆரம்பித்தார்கள்.

"மே மாசத்துல என்ன செய்வீங்க ஆன்ட்டி?" என்று ஸ்னேகா கேட்டாள். "நாப்பது டிகிரியில மங்கி கேப்பா?"

"மே மாசத்துலயும் மங்கி கேப். வேர்த்தா துடைச்சுக்கலாம்."

ஹம்சினி முதல் தடவை கடைசிப் படிவரை போய், கடைசிப் படியில் வாசலைப் பார்த்தாள். நிலையத்துக்குப் போகிற பக்கம். அக்‌ஷயா நாற்காலியிலிருந்து பாய்ந்தாள். ராஜம் கையை நீட்டித் தடுத்தாள். ஹம்சினி கொஞ்சம் நின்றாள். பிறகு தண்ணீர்க் குழாயடிக்கு, தான் போய் நிற்க வேண்டிய இடத்துக்குப் போய் நின்றாள். அக்‌ஷயா ராஜத்தின் கையைத் தட்டிவிட்டு, "இப்பவும் நம்பிக்கையில்ல மேம்," என்றாள். 

ஜனவரியில் அடுத்த ஒத்திகை. இந்தத் தடவை இரண்டாம் மாடிக்கு லீவு என்று யாரும் சொல்லவில்லை. தீபங்கர் பாபு ஒன்று மட்டும் சொன்னார். "அந்தப் பசங்க ஏழு பேரும் வரட்டும். புபாயை அன்னிக்கு இறக்க வேண்டாம். வீடியோவுக்கு நேரமாகும். இறங்கினதா சேத்துக்கலாம்."

புபாய்க்குப் பதினான்கு வயது. காலையில் அவன் அப்பா, டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஓட்டப் போகுமுன், அவனை முதுகில் சுமந்து மேலே விட்டுப் போவார். சிவ்பூஜன் நாற்காலியைத் தூக்கிவருவான். மத்தியானம் ஆள் சேர்த்து இறக்குவார்கள். நடுவில் அவன் அங்கேயேதான். ராஜம், "சரி," என்று மட்டும் சொன்னாள். அவள் ஒரே வார்த்தையில் சரி என்று சொன்னதும் தீபங்கர் பாபு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அலாரம் அடித்தது. ஆணிகளிலிருந்து குல்லாக்கள் இறங்கின. ஒருவனுக்குக் குல்லா பின்பக்கமாகத் திரும்பிவிட்டது, ஸ்னேகா சரிசெய்தாள். மிஷ்டு ஒரு தரம் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். ஹம்சினி அவள் பையைப் பிடித்து இழுத்தாள். கம்பிக்கதவு திறந்தே இருந்தது. படியில் இரு பக்கமும் அம்மாக்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். ஏழு கம்பளித் தலைகள் வரிசையாக வெயிலுக்குள் இறங்கியபோது, மைதானத்தில் நின்ற பெரிய வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே கைதட்டினார்கள். தட்டாதீர்கள், சத்தம் ஆகாது என்று ஸ்னேகா கையைக் காட்ட, எல்லாரும் தலைக்குமேல் கையை ஆட்டினார்கள்.

தீபங்கர் பாபு சிரித்தபடி விசிலை வாயில் வைத்தார்.

"ஊதாதீங்க!"

குரல் மேலேயிருந்து வந்தது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. இரண்டாம் மாடி வராந்தாக் கம்பி வழியே ராஜம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் புபாய், குல்லா மாட்டிக்கொண்டு.

"ராஜம்தி, முடிஞ்சுபோச்சு! கீழ வாங்க!"

"முடியல. இன்னும் ரெண்டு பேர் மேல இருக்கோம்."

"வீடியோ ஓடிட்டிருக்கு!"

"ஓடட்டும். நல்லா எங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க. அவனை விட்டுட்டு நான் இறங்கறதா இல்ல. உங்களுக்கு நேரமாச்சுன்னா எல்லாரையும் கிளாஸுக்கு அனுப்பிடுங்க. ஆனா ஒத்திகை முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மைதானம் முழுக்க நின்றது. அலாரம் அலறிக்கொண்டே இருந்தது. போனில் படமெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர், நிறுத்துவதா வேண்டாமா என்று செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு சிவ்பூஜனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் படியேறினார்கள்.

மேலே வந்ததும் தீபங்கர் பாபு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், சிவ்பூஜன் மறுபக்கத்தை. தூக்கினார்கள். மூன்றாவது படியிலேயே அவர் முகம் சிவந்துவிட்டது. திருப்பத்தில் நாற்காலிச் சக்கரம் சுவரில் இடித்தது.

"மெதுவா, காக்கு," என்று சித்தப்பா முறை வைத்துச் சொன்னான் புபாய். அவன் பேச்சு குழறும், ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. "என்னைப் போட்டுடாதீங்க. எங்கம்மா சும்மா விட மாட்டா."

"விட மாட்டேன்," என்றாள் கீழ்ப்படியில் நின்ற புபாயின் மா.

ராஜம் அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கினாள். உதவவில்லை. வேண்டுமென்றுதான். முதல் மாடியில் தீபங்கர் பாபு நாற்காலியை இறக்கி வைத்துக் கையை உதறிக்கொண்டார். மறுபடி தூக்கினார். தரையில் சக்கரம் பட்டபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜனவரி மாதம்.

அவர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, தரைத்தளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் அறை. புதிதாகச் சேர வருகிற பெற்றோருக்கு முதலில் காட்டுகிற அறை.

"தீபங்கர் பாபு," என்றாள் ராஜம். "கம்ப்யூட்டரெல்லாம் படியேறும். இவனால முடியாது. அந்த ரூமை எங்களுக்குக் கொடுங்க."

அவர் கையை உயர்த்தினார். மூச்சு வாங்கியது. "அடுத்த... கமிட்டி மீட்டிங்ல... பேசலாம்."

"மீட்டிங்ல உங்களுக்கு மூச்சு வாங்காது. இப்பவே சொல்லுங்க."

"என்னைக் கொஞ்சம் உக்கார விடுங்க, ராஜம்தி."

"சொல்லிட்டு உக்காருங்க."

அவர் அவளைப் பார்த்தார். புபாயைப் பார்த்தார். இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்த்து, அங்கிருந்து தரைவரை ஒவ்வொரு படியாகக் கண்ணாலேயே இறங்கி வந்தார். வெளியே மைதானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஹம்சினி குழாயடியில், குல்லாவோடு, தன் இடத்தில்.

"திங்கட்கிழமை," என்றார் தீபங்கர் பாபு. "திங்கட்கிழமை கம்ப்யூட்டரை மேல ஏத்தச் சொல்றேன். போதுமா?"

ராஜம் புபாயின் நாற்காலியை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஏழு பேருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு திரும்பி, கையை வாயருகே குவித்துக் குரல் கொடுத்தாள்.

"இப்ப ஊதுங்க."